ஆரணியில் ஆங்கில வீட்டுப்பாடம்

பட்டுச் சேலைக்குப் பேர்போன ஆரணியில், தறி இருக்கும் வீட்டுக்குள் ஆங்கிலம் யாருடைய அனுமதியும் கேளாமலே நுழைந்து வெகுகாலமாகிறது. சேலையோடு கோத்து அனுப்பும் சில்க் மார்க் அட்டையிலும், சாயப் பொட்டலத்தின் மேலுள்ள எச்சரிக்கையிலும், ஜரிகையில் பொன் எவ்வளவு வெள்ளி எவ்வளவு என்று சோதித்துத் தரும் சீட்டிலும், பெங்களூர் வியாபாரி வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஆர்டரிலும், ஜி.எஸ்.டி. பில்லிலும் அது இருக்கிறது. அவற்றைப் படித்து அர்த்தம் சொல்லும் பொறுப்பு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் தலையில் வந்து விழுகிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் படித்து, பரீட்சையில் அறுபதோ எழுபதோ மார்க்கும் வாங்கிய பத்தாம் வகுப்புப் பிள்ளை, அந்த நாலு வரிக் காகிதத்தின் முன்னே திகைத்து நிற்பதைப் பல வீடுகளில் காணலாம். குறை அந்தப் பிள்ளையின் புத்தியில் இல்லை. நாள்தோறும் நாம் அதற்கு இடுகிற வேலையில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அந்த வேலை எத்தகையது என்பது ஊரறிந்த விஷயம். ஆசிரியர் பாடத்தை ஒருமுறை உரக்கப் படித்து, வரிக்கு வரி தமிழில் பொருள் சொல்லி, பாடத்தின் பின்னுள்ள வினாக்களுக்கு விடைகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறார். மாணாக்கர் அவற்றை வகுப்பு நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். அன்றிரவே அவை வீட்டுப்பாட நோட்டுக்கு இடம் மாறுகின்றன. மறுநாள் காலையில் சிவப்பு மையில் ஒரு கையெழுத்தும் தேதியும் பெறுகின்றன. எழுதிப் போடாத விடைக்குக் கைடு இருக்கிறது. பிழையாக எழுதிய சொல்லுக்குப் பத்து முறை இம்போசிஷன் இருக்கிறது. வருஷக் கடைசியில் நாலைந்து நோட்டுகள் நிரம்பிவிடுகின்றன; ஆனால் மாணாக்கன் தானாக யோசித்து அமைத்த வாக்கியம் ஒன்றை அவற்றில் தேடினால் கிடைப்பது துர்லபம். இதை ஆசிரியரின் சோம்பல் என்று சொல்லிவிடுவது அநியாயம். ஐம்பது பிள்ளைகளின் நோட்டைத் திருத்த வேண்டியவர், நோட்டு நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கும் மேற்பார்வைக்கும் தேர்ச்சி விகிதம் கேட்கும் மேலிடத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர், எது பத்திரமான வழியோ அதைப் பிடித்துக்கொள்ளத்தான் செய்வார்.

பரீட்சை இந்த வழக்கத்தை எவ்வளவு தூரம் உறுதிப்படுத்துகிறது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளில், தெருக்களையும் கட்டடங்களையும் காட்டும் சிறு படம் ஒன்றைக் கொடுத்து, வழி தெரியாத ஒருவருக்கு வழி சொல்லும் வாக்கியங்களை எழுதச் சொல்வதுண்டு. படத்தைப் பார்த்து, யோசித்து, பிறருக்குப் பிரயோஜனமாக ஒன்றைச் சொல்ல வேண்டிய இந்தக் கேள்வி, தன்னளவில் மிக நல்ல கேள்வியே. ஆயினும் மனப்பாடப் பழக்கம் இதையும் விட்டுவைக்கவில்லை. ‘கோ ஸ்ட்ரெயிட்’, ‘டர்ன் லெஃப்ட்’, ‘யூ வில் ஃபைண்ட் இட் ஆன் யுவர் ரைட்’ என்று படத்தைப் பாராமலே எழுதக்கூடிய சூத்திரமாக அதை ஆக்கி, சுலபமாகக் கிடைக்கும் மார்க்குகளின் ஜாபிதாவில் சேர்த்துவிட்டது. முழு மார்க் வாங்கிய அதே பிள்ளையிடம், பேருந்து நிலையத்திலிருந்து ஆரணிக் கோட்டைக்குப் போகும் வழியை ஆங்கிலத்தில் கேட்டால், அந்தச் சூத்திரம் கை கொடுப்பதில்லை.

இந்தக் குறையை நம் ராஜ்யத்தில் முன்பே உணர்ந்தவர்கள் உண்டு. 1950களின் கடைசியில், ஆங்கில வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாகப் பயிற்றும் முறையைச் சென்னை ராஜ்யத்தின் 27,000 ஆசிரியர்களுக்குக் கொண்டு சேர்க்க ஒரு பெருமுயற்சி தொடங்கிற்று. முதலில் சிலரைப் பயிற்றுவித்து, அவர்களைக் கொண்டு பலரைப் பயிற்றுவிப்பதென்ற அந்த ஏற்பாட்டுக்கு ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று பேரும் வழங்கிற்று. ஆனால் அம்முறையில் படித்த பிள்ளைகள் வகுப்பில் பிழையின்றிச் சொன்ன வாக்கியத்தை, வகுப்புக்கு வெளியே வேண்டிய சமயத்தில் எடுத்தாள முடியாமல் நின்றார்கள். அதற்குக் காரணம் தேடியவர்களில் ஒருவர், சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை, பெங்களூரிலுள்ள வட்டார ஆங்கில நிறுவனத்தின் துணையோடு, பெங்களூர், சென்னை முதலிய ஊர்களின் சாதாரணப் பள்ளிகளிலேயே அவர் ஒரு பரிசோதனை நடத்தினார்; அதன் அனுபவத்தை 1987இல் புத்தகமாகவும் வெளியிட்டார். இன்று உலகெங்கும் ஆங்கிலம் கற்பிப்போர் ‘பெங்களூர்த் திட்டம்’ என்று பேசுவது இதையே.

அந்த வகுப்புகளில் இலக்கண விதியைச் சொல்லித் தொடங்குவதில்லை. ஒரே வாக்கியத்தை நாற்பது வாய்கள் கோஷமிடுவதும் இல்லை. ரயில் அட்டவணை ஒன்றையோ ஊர்ப்படம் ஒன்றையோ முன்னே வைத்துக்கொண்டு, ஆசிரியர் வகுப்பு முழுவதையும் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டு ஒரு சிக்கலை அவிழ்ப்பார். அதையொத்த மற்றொரு சிக்கலை மாணாக்கர் ஒவ்வொருவரும் தனியே அவிழ்ப்பார்கள். எந்த ரயிலைப் பிடித்தால் நேரத்தில் போய்ச் சேரலாம் என்பதற்குச் சரியான விடை வந்ததா என்று பார்த்தே மார்க். பாதிப் பிள்ளைகளாவது பாதி வேலையையாவது சரியாகச் செய்தால், அந்த வேலை வகுப்புக்குத் தகுந்தது என்பது பிரபு கைக்கொண்ட அளவுகோல். மனம் அர்த்தத்தில் ஈடுபட்டிருக்கும்போதே பாஷையின் அமைப்பு உள்ளே படிகிறது என்பது அவருடைய சித்தாந்தம். 1984இல் வெளியார் வந்து மதிப்பிட்டபோது, இந்த முறைக்கும் முந்தின வாக்கிய அமைப்பு முறைக்கும் பொதுவான சோதனைகளில் பெரும்பாலும் திட்டத்துப் பிள்ளைகளே முந்தி நின்றார்கள். அவர்களுக்குக் கற்பித்தவர்கள் தேர்ந்த ஆசிரியர்கள் என்ற ஆட்சேபமும் அப்போதே எழுந்தது; அது நியாயமான ஆட்சேபமே. ஆனாலும் அந்த முறைக்கு விலையுயர்ந்த சாதனம் எதுவும் தேவைப்படவில்லை என்பதை யாரும் மறுக்க முடியாது. கரும்பலகையும் ஒரு துண்டுக் காகிதமும் போதுமாயிருந்தன.

ஆரணிக்கு இதில் ஒரு விசேஷ அனுகூலம் உண்டு. ஒரு பாவு நெய்து முடிந்ததும், பழைய பாவின் ஆயிரக்கணக்கான இழை முனைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிப் பிணைக்கிறார்களே, அது எப்படி நடக்கிறது என்பது தறிக்குழி உள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஆங்கில ஆசிரியருக்குத் தெரிய நியாயமில்லை. பக்கத்து பெஞ்சில் இருக்கும் அரிசி ஆலைத் தொழிலாளியின் மகனுக்கும் தெரியாது. ‘தறியையே பார்த்திராத ஒருவருக்குப் பாவு பிணைப்பதை ஆறு வாக்கியத்தில் சொல்’ என்று வீட்டுப்பாடம் இட்டால், அதற்குக் கைடில் விடை இல்லை. ‘ஃபாதர் டை நியூ த்ரெட் டு ஓல்டு த்ரெட். டூ டேஸ் நோ வீவிங், நோ மணி’ என்று ஒரு பெண் எழுதி வருவாளானால், இலக்கணம் தள்ளாடினாலும் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. ‘ஒய் நோ மணி?’ என்று ஆசிரியர் கேட்டால், நெய்து கொடுத்த சேலைக்குத்தான் கூலி என்ற அடுத்த வாக்கியத்தை அவள் சொல்லியாக வேண்டும். அந்த வாக்கியத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தகுந்த தருணமும் அதுவே. மறுநாள் அவள் எழுதியதை அரிசி ஆலைத் தொழிலாளியின் மகன் படித்து, படிகளுக்குக் கிரமமாக எண் இட்டுக் காட்டட்டும். எங்கே அவன் தடுமாறுகிறானோ அங்கே வாக்கியத்தைத் திருத்த வேண்டும் என்பது இருவருக்கும் தானே விளங்கும். அடுத்த வாரம் அவன் நெல் அவிப்பதை எழுதட்டும், அவள் எண் இடட்டும்.

தகப்பன் தொழிலை வகுப்பறைக்குள் கொண்டுவரும் பேச்சு நம் நாட்டில் சந்தேகத்துக்கு உரியது. சந்தேகிப்பதற்குக் காரணமும் உண்டு. 1953இல் ராஜாஜியின் சர்க்கார், பாதி நாள் பள்ளியும் மீதி நாள் வீட்டுத் தொழிலும் என்று ஆரம்பக் கல்வியில் ஒரு திட்டம் கொண்டுவந்து, குலக்கல்வி என்ற கண்டனத்துக்கு ஆளாயிற்று. 1954இல் காமராஜ் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அந்தத் திட்டம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து தறிக்கு அனுப்பப் பார்த்தது. நான் சொல்வதோ, தறியைப் பற்றி வெளியுலகுக்கு எடுத்துச் சொல்லும் திறமையைப் பிள்ளைக்குக் கொடுப்பது. தறியை விட்டுப் போக விரும்புகிறவனுக்கும் அந்தத் திறமையே வழித்துணை. மேலும், தறி ஒன்றே விஷயமாக இருக்க வேண்டியதில்லை. பேருந்து நிலையத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கும் வேலூருக்கும் புறப்படும் பஸ்களின் நேரத்தை எழுதி வரச் செய்து, பதினொரு மணிக்குக் காஞ்சிபுரத்தில் சேலை கொடுக்க வேண்டியவர் எந்த பஸ்ஸில் ஏற வேண்டும், அது தவறினால் என்ன செய்வது என்று கேட்கலாம்; ரேஷன் கடைப் பலகையிலும் மருந்துச் சீட்டிலும் இதே மாதிரி வேலை எத்தனையோ உண்டு.

ஐம்பது நோட்டை யார் திருத்துவது என்று கேட்பார்கள். தினம் ஐந்து பக்கம் நகல் எழுதுவதற்குப் பதில், வாரத்தில் மூன்று நாள் அரைப் பக்கம் சொந்த எழுத்து போதும். நாளொன்றுக்குப் பத்து நோட்டை ஆசிரியர் பார்த்தால் ஒரு வாரத்தில் ஐம்பதும் முடிந்துவிடும். அந்தப் பத்திலும் எல்லாப் பிழையையும் சிவப்பால் சுழிக்க வேண்டியதில்லை. அர்த்தம் விளங்காத இடத்தில் ஒரு கேள்விக்குறி இட்டு, பலரும் செய்த ஒரே ஒரு பிழையை மறுநாள் கரும்பலகையில் ஐந்து நிமிஷம் விளக்கினால், அது எல்லாருக்கும் பயன்படும். வகுப்பின் முதல் பத்து நிமிஷத்தில் முந்தின இரவு எழுதியதை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுவதை ஒரு நித்திய நியமமாக வைத்துக்கொண்டால், வாய் திறவாமல் பத்து வருஷம் ஆங்கிலம் படித்தோம் என்ற பரிதாபம் இருக்காது. தடுமாறும்போது தமிழில் கேட்டுக்கொள்வதைக் குற்றமாகக் கருதாதிருந்தால், பின்பெஞ்சுப் பிள்ளையும் வாய் திறப்பான்.

செல்பேசி வந்த பிறகு இது இன்னும் அவசரமான விஷயமாகிவிட்டது. பாடக் கேள்வியைப் படம் பிடித்தால் விடையும், தலைப்பைச் சொன்னால் கட்டுரையும் கேட்ட மாத்திரத்தில் வந்துவிடுகிற காலத்தில், பொதுவான கேள்விக்கு வீட்டில் எழுதி வரும் பதில் மாணாக்கனுடையதுதானா என்பதை எந்த ஆசிரியராலும் நிச்சயிக்க முடியாது. ஆனால் அந்த மாணாக்கனின் தாய் நேற்றுத் தார் சுற்றும்போது இழை ஏன் அறுந்தது என்பது செல்பேசிக்குத் தெரியாது. அதைச் சொல்ல இரண்டொரு சொல்லைப் பிள்ளை அதில் தேடி எடுத்தால், அகராதி பார்த்த பலனே அவனுக்குக் கிட்டும்.

சர்க்காருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. 2012–13ஆம் கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரைக்கும் முப்பருவ முறை வந்தபோது, நூறில் நாற்பது மார்க்கை அன்றாட வகுப்பு வேலைக்கென்று ஒதுக்கினார்கள். நோக்கம் சிலாக்கியமானதே, ஆனால் எதற்கு அந்த மார்க் என்பது தெளிவாகாததால், ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிய சார்ட்டும் ஒட்டுப் படமும் செயல்பாடென்று பேர் பெற்றன, மார்க்கும் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி விழுந்தது. மேனிலை வகுப்பிலும் பத்து மார்க் அகமதிப்பீடு உண்டு. அதுவும் பெரும்பாலும் சடங்காகவே கழிகிறது. புதிதாக மார்க் ஒதுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இருக்கிற மார்க்கைப் பிள்ளையின் சொந்த எழுத்துக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். பத்தாம் வகுப்பு வினாத்தாளிலும், முன்கூட்டிப் பாராத ஓர் அட்டவணையையோ விளம்பரத்தையோ சீட்டையோ கொடுத்து, அதைப் படித்தால் ஒழிய விடை சொல்ல முடியாத கேள்விகளுக்கு இருபது மார்க் வைத்தால், கைடு அச்சிடுவோர் வேறு தொழில் தேட வேண்டியதுதான். வகுப்பறையும் ஓரிரு வருஷத்தில் தானே திரும்பும். பரீட்சை எதைக் கேட்கிறதோ அதையே பள்ளிக்கூடம் கற்பிக்கும் என்பது நம் நாட்டில் பலமுறை பார்த்த உண்மை.

அதுவரை தலைமையாசிரியர் ஒவ்வொருவரும் உத்தரவுக்குக் காத்திராமல் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. நோட்டுகளைப் பார்வையிடும்போது எத்தனை பக்கம் நிரம்பியது என்று எண்ணுவதை நிறுத்தி, இதில் பிள்ளை தானாகச் சொன்ன வாக்கியம் எது என்று கேட்கட்டும். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தால் ஆசிரியர் வேறு விதமான வேலை இடுவார். பிள்ளையும் வேறு விதமாக எழுதும். ஜி.எஸ்.டி. பில்லையும் சில்க் மார்க் அட்டையையும் படிக்கும் பிள்ளைகள் அத்தகைய வகுப்பிலிருந்துதான் வருவார்கள்.