தலைப்பைப் பொத்தி வைக்கச் சொல்லாதீர்கள்

முதுகலைப் படிப்பின் இறுதியாண்டு நெருங்கும்போது நம் கல்லூரி விடுதிகளில் ஓர் அறிவுரை தவறாமல் கைமாறுகிறது: "புராஜெக்ட் தலைப்பை யாரிடமும் சொல்லிடாதே, தூக்கிடுவாங்க." சீனியர் ஜூனியருக்குச் சொல்கிறார். பெற்றோர் பிள்ளைக்குச் சொல்கிறார்கள். பேராசிரியர்களில்கூடச் சிலர் சொல்கிறார்கள். எம்.இ., எம்.சி.ஏ., எம்.எஸ்சி. என்று எங்கே போனாலும் இதே பேச்சுதான். இதைவிடக் கேடான அறிவுரையை அந்த வயதில் ஒரு மாணவருக்குக் கொடுக்க முடியாது.

பக்கத்து பெஞ்சில் இருப்பவரிடம் வாய் திறக்காத மாணவர் தலைப்புக்கு எங்கே போகிறார்? முதலில் கைடிடம். கைடுக்கோ வேறு மாணவர்கள், வகுப்புகள், விடைத்தாள் கட்டுகள், அங்கீகாரக் குழு வருகைக்கான கோப்புகள். "நாலு தலைப்பு எடுத்துக்கிட்டு வா, பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுகிறார். அடுத்து மாணவர் ஏறி இறங்குவது புராஜெக்ட் சென்டரின் மாடிப்படி. சென்னை, மதுரை, கோவை எங்கும் இருக்கின்றன அவை. ஐ.இ.இ.இ. கட்டுரைத் தலைப்புகளைப் பட்டியல் போட்டு வைத்து, கோடு, அறிக்கை, பிபிடி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலைக்குக் கொடுக்கிறார்கள். அதே பட்டியல்தான் அடுத்த கல்லூரி மாணவர் கையிலும் இருக்கிறது. வகுப்புத் தோழருக்குத் தெரியக் கூடாது என்று மறைத்த தலைப்பு ஊருக்கே விற்ற தலைப்பாக வைவாவில் வந்து நிற்கிறது. ரகசியம் காத்த பலன் இவ்வளவுதான்.

தோழர்களிடம் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? பயிர் இலையின் படத்தைப் பார்த்து நோயைக் கண்டறியும் புராஜெக்ட்டை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் ஆண்டுதோறும் பலர் கையிலெடுக்கும் தலைப்பு இது. பெரும்பாலும் பிளான்ட்வில்லேஜ் என்ற இலவசப் படத்தொகுப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். 2016இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு இந்தத் தொகுப்பின் 54,306 படங்களைக் கொண்டு 99.35 விழுக்காடு துல்லியத்தைக் காட்டியது. அந்த எண்ணைப் பார்த்ததும் மாணவர் மயங்கிவிடுகிறார். அதே ஆய்வாளர்கள் வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்துப் பார்த்தபோது துல்லியம் 31 விழுக்காட்டுக்குச் சற்று மேலே வந்து நின்றது என்பதையும் அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். அந்த வரி வரை பலர் படிப்பதில்லை.

இந்தத் தலைப்பை வகுப்பில் பத்து நிமிடம் பேசினால் போதும். டெல்டாவிலிருந்து வந்த பெண் கேட்பாள்: "இதுல நெல் இருக்கா?" இல்லை. தேனிக்காரர் கேட்பார்: "வாழை?" அதுவும் இல்லை. அந்தத் தொகுப்பில் உள்ள 14 பயிர்களில் ஆப்பிளும் ஸ்ட்ராபெர்ரியும் தக்காளியும் உருளையும் உண்டு. "எங்க வயல்ல இலை இப்படித் தனியா, வெறும் பின்னணியில நிக்காதே. சேறு தெறிச்சிருக்கும், பாதி நிழல்ல இருக்கும், இன்னொரு இலை மேல படுத்திருக்கும்" என்று மூன்றாமவர் சொல்வார். இந்தக் கேள்விகளிலிருந்துதான் உண்மையான புராஜெக்ட் பிறக்கிறது. சொந்த ஊர் வயலில் செல்போனால் படமெடுத்து, 99 விழுக்காடு என்று பேர்வாங்கிய அந்தக் கணினி மாதிரி அங்கே எங்கெல்லாம் சறுக்குகிறது, ஏன் சறுக்குகிறது என்று எழுதட்டும். அப்படி ஓர் அறிக்கையை எந்த சென்டரிலும் வாங்க முடியாது. வயலைத் தெரிந்த சக மாணவர்கள் கேட்கும் இந்தக் கேள்விகள், எவ்வளவு நல்ல கைடாக இருந்தாலும், அவர் வாயிலிருந்து வரும் என்று சொல்ல முடியாது.

திருட்டே நடக்காது என்று நான் சொல்லவில்லை. நடக்கிறது. ஆனால் தலைப்பு மட்டும் கையில் கிடைத்தவருக்கு என்ன கிடைத்துவிடுகிறது? படமெடுக்க அலைந்த வெயிலும், தோற்றுப்போன சோதனைகளும் அதனோடு கூடவே போவதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு எழுத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகள் முதுகலை ஆய்வேடுகளுக்கும் பொருந்தும். எழுதிய வாசகம் 10 விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போனால்தான் அவற்றில் தண்டனை தொடங்குகிறது. இருவர் ஒரே பொருளை எடுத்துக்கொள்வது குற்றமே அல்ல. அதைவிட ஒன்று: முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்பவர்களின் ஆய்வுச் சுருக்கங்களை ஊரறிய வைக்கவே ஷோத்கங்கோத்ரி என்ற களஞ்சியத்தை இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துகிறது. ஐந்தாண்டு ஆய்வையே நாடு திறந்து வைக்கும்போது, ஓராண்டு புராஜெக்ட்டுக்கு என்ன பூட்டு?

தோழர்களின் பேச்சில் ஓர் ஆபத்து உண்டு. "எதுடா சீக்கிரம் முடியும்?" என்று கேட்டால், சீக்கிரம் முடிவதைத்தான் காட்டுவார்கள். அதனால் தலைப்பைக் கேட்டு அவர்களிடம் போகக் கூடாது. ஒரு தலைப்போடு போய், "இது எங்கே உடையும், சொல்லு" என்று கேட்க வேண்டும். தரவு யாரிடமிருந்து கிடைக்கும், மருத்துவமனை அனுமதிக்கு எத்தனை மாதம் இழுக்கும், போன ஆண்டு இதே வழியில் போன சீனியர் எங்கே மாட்டிக்கொண்டார் என்ற விவரங்கள் எந்தப் பாடநூலிலும் இல்லை. அவை விடுதி அறைகளில் இருக்கின்றன.

துறைத் தலைவர்களிடம் ஒன்று கேட்கிறேன். முதல் ரிவ்யூவுக்கு முன் ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் வகுப்பின் முன் நின்று தன் தலைப்பைச் சொல்லட்டும், மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும், ஆசிரியர்கள் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கட்டும். அன்று மாலையே எல்லாத் தலைப்புகளையும் பெயரோடும் தேதியோடும் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். யாருடைய யோசனை என்று பிறகு தகராறு வந்தால், அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள்.