ரத்தக்குழாய் விறைப்பும் மரக்காணம் சித்தப்பாவும்

"ஃபுல் பாடி செக்கப் பண்ணிட்டேன், நீங்களும் பண்ணுங்க"னு அடிக்கடி பதிவு போடற மக்களே, இது உங்களுக்குத்தான்.

போன வாரம் மரக்காணத்துலேர்ந்து சித்தப்பா வந்தார். காலமெல்லாம் உப்பளத்தில் உப்பு வாரின மனுஷன். பத்து வருஷமா பிபி. கையில் எட்டு பக்க ரிப்போர்ட். "ஹோமோசிஸ்டீன் ஜாஸ்தியாம், சிஆர்பி ஜாஸ்தியாம், ரத்தக்குழாய் விறைச்சுப் போச்சாம் தம்பி"ன்னார். ஆறு நாள் கூலி அந்த லேபுக்கே போயாச்சு. மிச்சக் காசு இல்லாம ஒரு வாரமா பிபி மாத்திரையே போடலை!

விறைப்புங்கிறது புருடா இல்லைங்க. இதயத்தோட ஒவ்வொரு துடிப்பும் குழாயில் அலையா ஓடுது. குழாய் விறைச்சிருந்தா அலை வேகமா ஓடும். கழுத்துக்கும் தொடைக்கும் நடுவில் நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினா ஆபத்துனு 2013 ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்லுது. சிஆர்பி, ஹோமோசிஸ்டீன் கூடினவங்ககிட்ட விறைப்பும் கூடுதலா இருக்குறதைப் பார்த்திருக்காங்க. அதுக்காக கூட நின்னவனெல்லாம் திருடனா? 2006-ல் வந்த ஹோப்-2 ஆய்வில் 5,522 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு வைட்டமின் கொடுத்தாங்க. ஹோமோசிஸ்டீன் இறங்குச்சு. மாரடைப்பு குறையலை. அப்புறம் அந்த நம்பரைக் காட்டி எதுக்கு ஒரு ஏழையை மிரட்டணும்?

கொடுமை என்னன்னா, ஏழாம் பக்கத்தில் கிரியேட்டினின் 1.6னு இருக்கு. கிட்னி தடுமாறுதுங்கிற சேதி அது. அதைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை சொல்லலை. "உடம்பு வலிக்கு மாத்திரை போடறீங்களா சித்தப்பா?"னேன். "தினமும்"னார். பிபியை ஏத்தி, கிட்னியைக் கெடுக்கறதே அந்த வலி மாத்திரைதான்.

2017-லிருந்து 2020 வரை தமிழ்நாட்டு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் சோதிச்சாங்க. நூத்துக்கு ஏழு பேருக்கு கிட்னி வேலை குறைஞ்சிருந்தது. மண்டையைப் பிளக்கிற வெயில். ஒதுங்க இடமில்லைனு தண்ணி குடிக்கறதையே குறைச்சுக்கற பொம்பளைங்க. இவங்களுக்குத் தேவை நிழல், குடிதண்ணி, கழிப்பறை. அப்புறம் ஒழுங்கா பிபி பார்க்கறது, கிரியேட்டினின், சர்க்கரை, சிறுநீரில் புரதம். அவ்வளவுதான். சிகிச்சையை மாத்தற டெஸ்ட் இதுங்கதான்.

மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னாங்க. பிபி மாத்திரை இலவசமாவே கிடைச்சுது. திட்டறவங்க பின்னூட்டத்தில் திட்டுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இதைப் படிச்சுட்டு யாரும் பிபி மாத்திரையை நிறுத்திடாதீங்க சாமி!