கடை கை மாறலாம், பெயர்ப் பலகை?

தெற்கு டெல்லியின் வசந்த் விஹாரை ஒட்டிய பசந்த் லோக் கடைவீதியில், 1996 அக்டோபரில் இந்தியாவின் முதல் மெக்டொனால்ட்ஸ் உணவகம் திறக்கப்பட்டது. மாட்டிறைச்சி இல்லாத பர்கர் என்பதுதான் அன்று எல்லோருக்கும் செய்தி. கடைக்குப் பின்னால் இருந்த ஒப்பந்தம் பற்றி யாரும் பேசவில்லை. பிற்பாடு கோர்ட்டுகள் பல ஆண்டுகள் அதைப் பற்றி மட்டுமே பேச வேண்டி வந்தது.

வட, கிழக்கு மாநிலங்களில் இந்த உணவகங்களை நடத்த 1995ல் உருவானது கனாட் பிளாசா ரெஸ்டாரன்ட்ஸ் நிறுவனம். பாதிப் பங்கு டெல்லி ரியல் எஸ்டேட் தொழிலதிபர் விக்ரம் பக்‌ஷி தரப்பிடம். மறு பாதி மெக்டொனால்ட்ஸ் இந்தியாவிடம். ஆனால் பெயர், மஞ்சள் நிற வளைவுச் சின்னம், தயாரிப்பு முறை எல்லாம் முழுக்க முழுக்க அமெரிக்க நிறுவனத்துக்கே சொந்தம். ராயல்டி கொடுத்து அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி மட்டுமே கனாட் பிளாசாவுக்கு உண்டு. பாதிக் கடைக்குச் சொந்தக்காரர், பெயர்ப் பலகைக்கு வாடகைக்காரர். ஃபிரான்சைஸ் தொழிலின் சூட்சுமம் இதுதான்.

2008ல் பக்‌ஷியின் பங்கை வாங்க மெக்டொனால்ட்ஸ் முன்வந்தது. விலை படியவில்லை. 2013 ஆகஸ்டில் நிர்வாக இயக்குநர் பதவி அவரிடமிருந்து போயிற்று. பதவியில் இல்லாவிட்டால் அவர் பங்கைத் தாங்கள் வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் இடம் தருகிறது என்று மெக்டொனால்ட்ஸ் லண்டன் நடுவர் மன்றத்துக்குப் போனது. அவரோ கம்பெனி சட்ட வாரியத்தின் கதவைத் தட்டினார். 2017 ஜூலையில் தேசியக் கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் அவரை மீண்டும் பதவியில் அமர்த்தியது. அடுத்த மாதமே, ராயல்டி பாக்கி உள்ளிட்ட மீறல்களைச் சொல்லி, 169 உணவகங்களின் ஃபிரான்சைஸ் ஒப்பந்தங்களை மெக்டொனால்ட்ஸ் ரத்து செய்தது. பக்‌ஷி அதை எதிர்த்தார். செப்டம்பரில், பங்கை விற்கும்படி லண்டன் மன்றம் அவருக்கு உத்தரவிட்டது.

முதலாளிகளின் சண்டையில் அடி விழுந்தது அடுப்படியில். 2017 ஜூன் இறுதியில், உரிமங்கள் புதுப்பிக்கப்படாததால் டெல்லியின் 55 மெக்டொனால்ட்ஸ் கடைகளில் 43 மூடப்பட்டன. டிசம்பரில் சரக்கு வரத்து நின்று மேலும் பல கடைகள் கதவை இறக்கின. சீருடை அணிந்து வேலைக்கு வந்துகொண்டிருந்த இளைஞர்களுக்கு லண்டனும் தெரியாது, தீர்ப்பாயமும் தெரியாது.

ஒருவழியாக 2019 மே மாதம் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்து, பக்‌ஷியின் பங்கை மெக்டொனால்ட்ஸ் வாங்கிக்கொண்டது. அப்போது மூன்றாவதாக ஒரு குரல் எழுந்தது. பக்‌ஷி தரப்பு தனக்குச் சுமார் 195 கோடி ரூபாய் தர வேண்டும் என்று சொல்லி, அரசு நிறுவனமான ஹட்கோ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் குறுக்கிட்டது. விற்பவரும் வாங்குபவரும் கைகுலுக்கிவிட்டால் மட்டும் போதாது, கடன் கொடுத்தவரும் சபையில் இருக்கிறார் என்பதை அது நினைவூட்டியது. 2020ல் சஞ்சீவ் அகர்வாலின் எம்.எம்.ஜி. குழுமம் புதிய கூட்டாளியாக வந்தது.

ஃபிரான்சைஸுக்கென்று இந்தியாவில் தனிச்சட்டம் கிடையாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டமும்தான் பெரும்பாலும் கைகொடுக்கின்றன. கூடவே ஒரு பழைய தீர்ப்பும் உண்டு. கோகோ கோலாவுக்காகப் பானம் நிரப்பிக்கொண்டிருந்த குஜராத் பாட்லிங் கம்பெனியின் பங்குகள், 1995ன் தொடக்கத்தில் கோகோ கோலாவின் சம்மதம் இல்லாமலே பெப்ஸி தரப்பிடம் கை மாறின. ஒப்பந்தம் நீடிக்கும் வரை போட்டிப் பானம் தயாரிக்கத் தடை விதிப்பது செல்லும் என்று 1995 ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வாக்கை மீறியவர் நியாயம் கேட்டு வந்தால் அவருடைய நடத்தையும் எடைபோடப்படும் என்பதே நீதிபதிகள் உணர்த்திய பாடம்.

கரோல் பாகில் கூரியர் கிளை நடத்துபவருக்கும், கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் பயிற்சி மையம் வைத்திருப்பவருக்கும் இந்தப் பாடம் பொருந்தும். விற்க நினைப்பவர் ஒப்பந்தத்தைத் தூசு தட்டி எடுத்து முதலில் பார்க்க வேண்டியது, உரிமையாளர் மாற்றத்துக்குத் தாய் நிறுவனத்தின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டுமா என்பதை. எவ்வளவு நாள் முன்னறிவிப்பு, மாற்றுக் கட்டணம் உண்டா, கடையை வாங்கும் முதல் உரிமை தாய் நிறுவனத்துக்கா என்பவை அடுத்த கேள்விகள்.

வாங்குபவருக்கும் கடமை உண்டு. தொழில் கை மாறும் நாள் வரையிலான ஜி.எஸ்.டி. பாக்கிக்கு, 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 85ஆவது பிரிவின்படி விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு. பங்குகளை மட்டும் வாங்கினால் கம்பெனி அப்படியே தொடரும். அதன் பழைய கடன்களும் கூடவே தொடரும். உரிமங்கள் யார் பெயரில் இருக்கின்றன, கட்டட உரிமையாளர் சம்மதிப்பாரா, ஊழியர்களின் பணிக்காலம் முறியாமல் தொடருமா, முன்பணம் கட்டிய வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லப்போவது யார் என்று ஒவ்வொன்றையும் காகிதத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

கடை திறக்கும் நாளில் எல்லோரும் ரிப்பன் வெட்டுவதைத்தான் பார்க்கிறார்கள். கடையை விட்டு வெளியேறும் வழி எழுதப்பட்டிருக்கும் பக்கத்தைப் படிக்கவும் அதைவிட நல்ல நாள் கிடையாது. அன்று இரு தரப்பும் இன்னும் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள்.