ராணிப்பேட்டை குரோமியக் கழிவு: நுண்ணுயிர்வழித் தூய்மை குறித்து எங்கள் நிலைப்பாடு

ராணிப்பேட்டை சிப்காட்டில் இயங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. அது மேடாகக் குவித்து விட்டுச்சென்ற குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாது. ஆலை போய்ப் பல்லாண்டுகள் ஆன பின்னும் மழைக்காலத்தில் அந்த மேட்டிலிருந்து மஞ்சள் நீர் கசிந்து நிலத்தடிக்கு இறங்கியது. இத்தகைய இடங்களை நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்தம் செய்யும் ஆய்வுகளை எங்கள் அமைப்பு வரவேற்கிறது. ஆனால் மேட்டை அப்படியே விட்டுவிட்டு நுண்ணுயிரை இறக்கும் எந்தத் திட்டத்தையும் ஏற்க மாட்டோம்.

எண்ணெய் கசிந்த மண்ணில் பாக்டீரியா அந்த எண்ணெயையே தின்று தீர்க்கும். குரோமியமோ ஒரு தனிமம். அதை எந்த உயிராலும் அழிக்க முடியாது. நீரில் கரைந்து ஓடுவதும் புற்றுநோய் தருவதுமான ஆறு இணைதிறன் குரோமியத்தை, எளிதில் கரையாத மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்றுவதோடு பாக்டீரியாவின் வேலை முடிந்துவிடுகிறது. மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் அதில் ஒரு பகுதி பழைய நிலைக்கே திரும்பவும் கூடும். சரக்கு அங்கேயேதான் இருக்கும்.

கலிபோர்னியாவின் ஹிங்க்லி ஊரில் நிலத்தடி நீரில் கலந்த குரோமியத்தைக் குறைக்க, பாக்டீரியாவுக்குத் தீனியாக நிலத்தடியில் எத்தனாலைச் செலுத்தினார்கள். குரோமியம் குறைந்தது. கூடவே மாங்கனீசும் ஆர்சனிக்கும் நீரில் கரைந்து வரக்கூடும் என்பதால் அவற்றையும் கண்காணிக்க வேண்டியிருந்தது. அங்கே இருந்தது நீரில் பரவிவிட்ட மாசு. இங்கேயோ மாசு ஊறிவரும் மூலமே கண்ணெதிரே மேடாக நிற்கிறது. குரோமைட் தாதுவைச் சோடா உப்போடும் சுண்ணாம்போடும் வறுத்தெடுத்த பின் மிஞ்சும் கழிவில் பிஎச் மதிப்பு 11, 12 வரை போகும். அந்தக் காரத்தில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் பிழைப்பதே கடினம். ஆய்வகக் குடுவையில் கிடைத்த முடிவைக் காட்டி இந்த மேட்டுக்குத் திட்ட மதிப்பீடு போடுவது ஒப்பந்தக்காரருக்குத்தான் வசதி.

இந்தக் கழிவுக்கும் தோல் ஆலைகளையே காரணமாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறவர்கள் உண்டு. பாலாற்றைக் கெடுத்ததில் தோல் ஆலைகளின் பங்கை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோம் உப்பு. இந்த மேடு, அந்த உப்பைத் தயாரித்த ஆலையுடையது. இரண்டுக்கும் ஒரே மருந்து எழுத முடியாது.

முதலில் மேட்டுக்குள் மழைநீர் இறங்காதபடி மூடி, கசிவைத் தடுத்து, கழிவைப் பாதுகாப்பான நிலநிரப்புக்கு மாற்ற வேண்டும்; அல்லது பெரஸ் சல்பேட் போன்ற வேதிப்பொருளால் நிலைப்படுத்த வேண்டும். நிலத்தடி நீரில் மிஞ்சும் மாசுக்கு நுண்ணுயிர் முறையைப் பிறகு கொண்டுவரலாம். அதையும் களத்தில் சிறு அளவில், இரண்டு பருவமழையாவது கடக்கும்வரை சோதித்து, கிணறுவாரியான முடிவுகளைத் தமிழில் வெளியிட வேண்டும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதே இந்தியத் தரநிர்ணயம். அந்த அளவுக்குள் வராத எதையும் வெற்றி என்று அறிவிக்கக் கூடாது.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது, பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் தொடர்பான வேலூர் வழக்கில்தான். அதே நெறி இங்கும் பொருந்தும்; குரோமேட்ஸ் ஆலை மூடிக்கிடக்கிறது என்பது வேலையைத் தள்ளிப்போடக் காரணமாகாது. அரசு செலவிட்டு, பிறகு பொறுப்பானவர்களிடம் வசூலிக்கட்டும்.

நுண்ணுயிரோடு, மாசை உறிஞ்ச வெட்டிவேர் போன்ற செடிகளையும் நடுவதாக இருந்தால், அறுத்த புல் எங்கே போகும், கால்நடைகள் அங்கே மேயாமல் பார்த்துக்கொள்வது எந்தத் துறையின் பொறுப்பு என்பதையும் திட்ட அறிக்கையிலேயே எழுத வேண்டும்.