கணக்குக் காட்டாத கூட்டு!



முதல் போட்டவருக்குக் கணக்குக் காட்டாத கடை நிலைக்காது. காரைக்குடிக் கடைவீதியில் இதை அறியாத வியாபாரி இல்லை. நாட்டுக்கு முதல் போட்டவர்கள் யார்? வரி கட்டும் நாம்தான்! நம் பெயரால் அயல்நாடுகளோடு நடக்கும் ராணுவ உளவுக் கூட்டுக்கு மட்டும் கணக்கு வேண்டாமா?

1964-ல் சீனா அணுகுண்டு வெடித்துச் சோதித்தது. அதை வேவு பார்க்க, 1965-ல் அமெரிக்காவின் சி.ஐ.ஏ.வும் நமது உளவுத்துறையும் ரகசியமாகக் கைகோத்தன. புளூட்டோனியத்தால் இயங்கும் கருவி நந்தாதேவி மலைக்குக் கொண்டு செல்லப்பட்டது. பனிப்புயல் மறித்ததால் அதை மலையிலேயே விட்டு இறங்கினார்கள். மறு ஆண்டு போய்ப் பார்த்தால் காணவில்லை! கங்கைக்கு நீர் தரும் மலை அது. மக்களுக்கு விஷயம் தெரிந்தது எப்போது? 1978-ல், ஓர் அமெரிக்கப் பத்திரிகை எழுதிய பிறகு! அதன் பின்னரே பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

இன்று கூட்டு பெரிதாகிவிட்டது. 2016, 2018, 2020 என அமெரிக்காவோடு அடுத்தடுத்து ஒப்பந்தங்கள். 2020 அக்டோபர் 27-ல் டெல்லியில் கையெழுத்தான ‘பெக்கா’, வரைபடங்களையும் செயற்கைக்கோள் தகவல்களையும் பகிர வழி செய்கிறது. எல்லையைக் காக்க இது உதவும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், பகிரப்படும் தகவல் பொய்யாக இருந்தால்?

கனடா நாட்டுப் பொறியாளர் மாஹிர் அரார் 2002-ல் நியூயார்க் விமான நிலையத்தில் பிடிக்கப்பட்டு, சிரியாவுக்கு அனுப்பப்பட்டார். ஏறத்தாழ ஓராண்டு சிறை, சித்திரவதை! கனடா காவல்துறை அமெரிக்காவுக்குக் கொடுத்த தவறான தகவலே பெரும்பாலும் இதற்குக் காரணமாக இருந்திருக்கும் என்று 2006-ல் விசாரணை ஆணையம் கூறியது. 2007-ல் கனடா அரசு மன்னிப்புக் கேட்டு, 1 கோடியே 5 லட்சம் கனடா டாலர் இழப்பீடு தந்தது.

இளைஞர்களே! வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் விமானம் ஏறுபவர்கள் நீங்கள். ஒரு தவறான குறிப்பு உங்கள் பெயரோடு கடல் கடந்தால், யாரிடம் போய் முறையிடுவீர்கள்?

உளவுத்துறையைக் கண்காணிக்க அமெரிக்க செனட் 1976-ல் குழு அமைத்தது. பிரிட்டன் 1994-ல் சட்டப்படி அமைத்தது. நம் நாடாளுமன்றத்தில் அப்படி ஒரு குழு இல்லை. ஓட்டுக் கேட்டு வருவோரிடம், எந்தக் கட்சியானாலும், இதைக் கேளுங்கள்.

ரகசியம் எதிரியிடமிருந்து காக்கப்படட்டும். மக்கள் மன்றத்திடமிருந்து அல்ல!