இல்லாத தலையகத்திற்குப் போன ஈட்டம்

வரி என்பது அரசின் உரிமை மட்டுமன்று. ஒரு நாட்டின் மண்ணையும் சாலையையும் காவலையும் பயன்படுத்திப் பொருளீட்டுவோர் அந்நாட்டு மக்களுக்கு இறுக்க வேண்டிய கடனும் ஆகும். கூலித் தொழிலாளி தான் உடுக்கும் துணியிலும் காற்செருப்பிலும் அக்கடனை இறுக்கின்றான். வேற்றுநாட்டில் தலையகம் வைத்துக் கணக்கை மாற்றும் வழி அவனுக்கில்லை. பன்னாட்டு நிறுவனங்களுக்கோ அவ்வழி உண்டு. 'சட்டம் கேட்ட வரியை இறுத்துவிட்டோம்' என்பதே அவை என்றும் கூறும் விடை. அவ்விடையின் மெய்ம்மையை அயர்லாந்தில் நிகழ்ந்த ஆப்பிள் வழக்கு வெளிச்சமாக்கிற்று.

அயர்லாந்து வரித்துறை 1991ஆம் ஆண்டிலும் 2007ஆம் ஆண்டிலும் ஆப்பிளின் கிளை நிறுவனங்களுக்குத் தனி முடிவுகளை வழங்கியது. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, இந்தியா முதலிய பகுதிகளில் விற்ற பொருள்களின் ஈட்டம் அயர்லாந்தில் பதிவான ஒரு கிளையின் கணக்கில் வந்து சேர்ந்தது. அதன் பெரும்பகுதி, ஊழியரோ கட்டடமோ இல்லாத, எந்நாட்டையும் சாராத ஒரு 'தலையக'த்திற்கு உரியதாக எழுதப்பட்டது. 2011இல் அக்கிளையின் ஈட்டம் ஏறத்தாழ 1,600 கோடி யூரோ. அயர்லாந்தில் வரிக்குட்பட்டதோ ஏறத்தாழ 5 கோடி யூரோ மட்டுமே. 2014இல் அந்நிறுவனம் இறுத்த வரி, பத்து இலக்கம் யூரோ ஈட்டத்திற்கு வெறும் 50 யூரோ என்ற அளவிற்குத் தாழ்ந்தது. அந்நாட்டின் பொது வரியோ 12.5 விழுக்காடு!

1,300 கோடி யூரோ வரையிலான வரியை வட்டியுடன் பெறுமாறு 2016இல் ஐரோப்பிய ஆணையம் அயர்லாந்துக்கு ஆணையிட்டது. அப்பணம் வேண்டாவென்று வழக்காடியது யார்? அயர்லாந்து அரசே! ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்துப் போராடி 1922இல் தன்னாட்சி பெற்ற நாடு, தனக்குச் சேர வேண்டிய வரியை வாங்க மறுத்து நின்றது. சலுகை மெய்ப்பிக்கப்படவில்லையென்று 2020இல் கீழ் வழக்குமன்றம் ஆணையத்தின் முடிவை நீக்கியது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உயர் வழக்குமன்றம் அதனை மாற்றி, ஆணையத்தின் முடிவே சரியென்று இறுதித் தீர்ப்பளித்தது.

அயர்லாந்து கூறிய கரணியத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1980 முதல் கார்க்கு நகரில் அந்நிறுவனம் பல்லாயிரவர்க்கு வேலை தந்தது. வரி கேட்டால் பிற நிறுவனங்களும் அகலும் என்னும் அச்சம் பொய்யன்று. பொருளை ஆக்கிய அறிவுழைப்பு அமெரிக்காவில் நிகழ்ந்ததால் வரியும் அங்கேயே உரியது என்றது ஆப்பிள். ஆனால், ஈட்டத்தைத் தாய்நாட்டிற்குக் கொண்டு செல்லும்வரை வரியைத் தள்ளிப்போட அன்றைய அமெரிக்கச் சட்டம் இடந்தந்தது. விற்ற நாட்டிலும் வரியில்லை. பதிந்த நாட்டிலும் வரியில்லை. ஆக்கிய நாட்டிலும் உடனடி வரியில்லை. இதுவோ நேர்மை?

வேலை வேண்டி வரியைக் குறைக்கும் போட்டியில் இந்தியாவும் விலகி நிற்கவில்லை. 2019இல் நடுவணரசு, சலுகைகளைக் கைவிடும் உள்நாட்டு நிறுவனங்களுக்கு வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைத்தது. புதிய ஆக்கத் தொழில்களுக்கு 15 ஆக்கியது. பன்னாட்டு நிறுவனங்கள் இங்குப் பதிவுசெய்த கிளைகளுக்கும் அது பொருந்தும். இப்போட்டிக்குக் கரையிட 2021இல் 136 நாடுகள் 15 விழுக்காட்டைக் குறைந்த அளவாக ஒப்பின. 2025இல் ஏழு பெருநாடுகளின் கூட்டு, அமெரிக்க நிறுவனங்களுக்கு அதன் முதன்மை விதிகளிலிருந்து விலக்களிக்க இசைந்தது. கரையெழுமுன்னரே உடைப்பு!

நேர்மையான பங்கு என்பது அரசும் நிறுவனமும் மறைவில் பேசி முடிப்பதன்று. உழைப்பும் விற்பனையும் எங்கு நிகழ்கின்றனவோ அங்கு வரி இறுக்கப்படல் வேண்டும். நாடுதோறும் ஈட்டிய கணக்கும் இறுத்த கணக்கும் மக்கள்முன் வைக்கப்படல் வேண்டும். தனி முடிவுகள் வெளியிடப்படல் வேண்டும். தொழிலாளிக்கு ஒரு சட்டமும் பெருநிறுவனத்திற்கு ஒரு சட்டமும் வைத்திருக்கும் நாடு, கொடி எதுவாயினும் தன்னாட்சி உடையதாகாது.