கொறங்காட்டு வேலமரங்களுக்காக ஆட்சியருக்கு ஒரு மடல்

திருப்பூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

தாராபுரம் வட்டம் மூலனூரைச் சுற்றியுள்ள கொறங்காடுகளில் வெள்வேல மரங்கள் வெட்டப்பட்டு வருவது குறித்து எழுதுகிறேன். இவை வனத்துறையின் காப்புக்காடுகள் அல்ல, உழவர்களின் பட்டா நிலங்கள். அதனால் மரம் விழும்போது கேட்பதற்கு ஆளில்லை.

மழை குறைந்த இந்த மண்ணுக்கு நம் முன்னோர் கண்ட ஏற்பாடு கொறங்காடு. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேலம். அதன் இலை சிறியது. வெயிலை வடிகட்டித்தான் கீழே விடும், ஆகவே மரத்தடியிலும் புல் தழைக்கும். புல் காய்ந்துபோகும் கோடையில் வேலங்காய் உதிர்ந்து ஆடுமாடுகளின் வயிற்றை நிரப்பும். தின்ற காயின் விதை சாணத்திலும் புழுக்கையிலும் வெளிவந்து, மழைக்கு முளைக்கும். விதைப்பாரும் இல்லை, நீர் பாய்ச்சுவாரும் இல்லை. காங்கேயம் மாட்டின் திடம் இந்த மேய்ச்சலில்தான் ஊறியது.

இப்போது மரம் விறகாகப் போகிறது. கிளுவை வேலியைப் பொக்லைன் பெயர்த்தெடுக்கிறது. மேய்ச்சல் நிலம் மனையாகவோ சூரியத் தகடுகளின் வரிசையாகவோ மாறுகிறது. சூரிய மின்சாரம் வேண்டும், அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் கூரைகள் பரந்து கிடக்கும்போது, பல பத்தாண்டுகள் வளர்ந்த வேலமரத்தைச் சாய்த்துத்தானா அதைப் பெற வேண்டும்?

2017-ல் ஜல்லிக்கட்டுக்காகவும் நாட்டு மாடுகளுக்காகவும் தமிழகமே தெருவில் நின்றது, ஜல்லிக்கட்டை அனுமதிக்கும்படி சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் செல்லும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. காளைக்குக் கிடைத்த காவல் அது மேயும் காட்டுக்கு இன்னும் கிடைக்கவில்லை. கண்ணபுரம் சந்தைக்கு மாடு பிடித்துவரும் எந்த விவசாயியைக் கேட்டாலும் மேய்ச்சல் சுருங்கிய கதையைத்தான் சொல்வார்.

விற்கும் உழவரை நான் குறை சொல்லமாட்டேன். கிணறு வற்றி, மகனும் மகளும் பனியன் வேலைக்குப் போய்விட்ட வீட்டில், காட்டை வைத்திருப்பதால் கைக்கு என்ன வருகிறது? ஆகவே தடை மட்டும் போதாது. கொறங்காட்டை மரத்தோடும் வேலியோடும் காப்பவருக்கு ஆண்டுதோறும் ஊக்கத்தொகை தர அரசுக்குப் பரிந்துரையுங்கள். தாராபுரம், காங்கேயம் வட்டங்களில் எஞ்சியிருக்கும் கொறங்காடுகளைப் புல எண் வாரியாகக் கணக்கெடுக்கச் சொல்லுங்கள். மேய்ச்சல் நிலத்தை வேறு பயனுக்கு மாற்றும் மனு உங்கள் மேசைக்கு வந்தால், அங்கு நிற்கும் மரங்களை நேரில் பார்த்து எழுதிய அறிக்கை இல்லாமல் கையெழுத்திடாதீர்கள். வேலங்காய் உதிரும் கோடையில் ஒருமுறை மூலனூருக்கு வாருங்கள். மேய்ப்பவர்களே உங்களுக்குக் காட்டைச் சுற்றிக் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
மூலனூர்வாசி ஒருவர்